பாம்பே ஆஸ்பத்திரி சுவர்ல எழுதியிருக்கிற பேருங்க – பயண டைரி

திங்கள், தாராவி

இந்த தடவ லீவுக்கு பாம்பே. கேட்வே, ஹாஜி அலி, ஜூஹு பீச் எல்லாம் முன்னாடியே பாத்தாச்சு, அதனால இந்த வாரம் முழுக்க பழைய ஆஸ்பத்திரிங்கள மட்டும் சுத்தப் போறேன், தினமும் ராத்திரி உக்காந்து எழுதி போடுறேன். நான் திருநெல்வேலி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்மசிஸ்ட். காலைல ஓபி சீட்டோட வரிசைல நிக்கிற ஜனத்துக்கு சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரை எண்ணி குடுக்கிற வேலை. வாங்கிட்டு போறவங்க யாரும் எனக்கு கும்பிடு போட வேண்டியதில்ல, எந்த ஊரு என்ன ஆளுன்னு சொல்ல வேண்டியதில்ல, சீட்டு இருந்தா போதும். இந்த நிலைமை எப்ப வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒரு ஏழைக்கு காய்ச்சல்னா எங்க போனான், யாரு அவன உள்ள விட்டா, யாரு விடல, இது எனக்கு ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு.

அதுக்கு ஏன் பாம்பேன்னா, இங்க ஆஸ்பத்திரி கதை பூரா சுவர்லயே இருக்கு. ஒவ்வொரு பில்டிங்லயும் ஒரு சேட்டு பேரு, ஒரு சேட்டம்மா பேரு, கல்லுல வெட்டி வெச்சிருப்பாங்க. அதுல முக்காவாசி நான் போற ஒரே லோக்கல் ட்ரெயின் லைன்லயே இருக்கு.

தங்கியிருக்கிறது தாராவி கிராஸ் ரோட்ல அத்தை வீட்ல. அத்தையோட மாமியார் ஆச்சிக்கு எண்பதுக்கு மேல வயசு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். பிளான சொன்னதும் "ஏட்டி, இம்புட்டு தூரம் வந்துட்டு கோயில் குளம்னு போவாம ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாவா அலைவ"ன்னு ஒரு சத்தம். ஆனா சைன் ஆஸ்பத்திரி பேர எடுத்ததும் அவங்க மூஞ்சியே மாறிப்போச்சு. அது கடைசி நாளைக்கு.

செவ்வாய், பைகுல்லா

சைன் ஸ்டேஷன்ல ஸ்லோ ட்ரெயின் ஏறி பைகுல்லா, அங்கருந்து நடந்தே ஜே.ஜே. ஆஸ்பத்திரி. பெரிய காம்பவுண்டு, உள்ள புது பில்டிங் பழைய பில்டிங் எல்லாம் கலந்து கிடக்கு, மரத்தடியில சொந்தக்காரங்க டிபன் கேரியரோட உக்காந்திருக்காங்க, எந்த ஊரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போனாலும் இந்த மரத்தடி ஒண்ணுதான்.

ஜே.ஜே.ன்னா ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், பார்சிக்காரர். சின்ன வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்து, சொந்தக்காரர் கடையில காலி பாட்டில் வியாபாரத்துல ஆரம்பிச்சு, அப்புறம் சீனாவுக்கு கப்பல்ல போயி பஞ்சும் அபினும் வித்து கோடீஸ்வரரானவர். 1842-ல பிரிட்டிஷ்காரன் சர் பட்டம் குடுத்தான், இந்தியர்ல அத வாங்குன முதல் ஆளு இவர்தான். அவர் குடுத்த பெரிய தொகையும் கம்பெனி கவர்மெண்ட் போட்ட பணமும் சேந்துதான் 1845-ல இந்த ஆஸ்பத்திரி. அதே வருஷம் பக்கத்துலயே கிராண்ட் மெடிக்கல் காலேஜ், 1838-ல இறந்துபோன கவர்னர் ராபர்ட் கிராண்ட் ஞாபகமா.

அபின் காசுங்கிறது எனக்கு தொண்டையில சிக்குது. சீனாவுல எத்தனையோ குடும்பத்த படுக்க வெச்ச சரக்கு அது, அந்தக் காசுலதான் இங்க ஏழைக்கு கட்டில் போட்டிருக்கு. அந்தக் கட்டில்ல படுத்து பிழைச்சவங்க கணக்குல அடங்க மாட்டாங்க, அது நிஜம், சீனாவுல நடந்ததும் நிஜம், ரெண்டையும் சேத்துதான் அந்தக் கல்வெட்ட படிக்கணும்னு தோணுது.

அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னா, வெள்ளைக்கார சிப்பாய்க்கும் கப்பல்காரனுக்கும் ஆஸ்பத்திரி இருந்துச்சு. நம்ம ஜனத்துக்கு வைத்தியரு, ஹக்கீமு, பிரசவத்துக்கு மருத்துவச்சி, இல்லன்னா வீட்டு திண்ணை. வசதியானவன் ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டான், டாக்டர வீட்டுக்கு வரவழைப்பான். ஆஸ்பத்திரில போயி படுக்கிறவன்னா ஆருமத்தவன், பஞ்சத்துல அடிபட்டவன், ரோட்ல விழுந்து கிடந்தவன். நம்ம மெட்ராஸ்லயும் இதே கதைதான், ஸ்டான்லி ஆஸ்பத்திரிய இன்னிக்கும் பெரியவங்க கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்றாங்கல்ல, அது 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்துன மணியக்காரர் சத்திரத்துல இருந்து வளந்தது. வைத்தியம் அப்ப தர்மத்தோட ஒரு கிளை. சோறு போட்ட கைதான் மருந்தும் குடுத்துச்சு, அதனால சோத்துல இருந்த சாதியெல்லாம் வார்டுக்குள்ளயும் வந்துருச்சு, தனி சமையல், தனி தண்ணி, தனி வார்டு.

கிராண்ட் காலேஜ்ல 1851-ல முதல் செட்டு பாஸ் பண்ணி வந்தவங்கள்ல பாவு தாஜி ஒருத்தர். பக்கத்துல ராணி பாக் தோட்டத்து வாசல்ல இருக்கிற மியூசியத்துக்கு இப்ப அவர் பேருதான் வெச்சிருக்காங்க. அவரும் அவர் தம்பியும் ஏழைகளுக்கு இலவச டிஸ்பென்சரி நடத்துனாங்க. சேட்டுங்க கட்டடம் கட்டுனாங்க, ஆனா நம்ம மொழி பேசுற டாக்டர் ஒருத்தர் உள்ள இருந்தாதான் ஜனம் பயம் விட்டு வரும், அந்த வேலைய ஆரம்பிச்சு வெச்சது இந்த மாதிரி ஆளுங்க.

புதன், கோட்டை ஏரியா

இன்னிக்கு விடி (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷன் பக்கம். (சிஎஸ்எம்டின்னு பேரு மாத்தி எத்தனையோ வருஷமாச்சு, அத்தை வீட்ல இன்னும் விடிதான்.)

ஸ்டேஷனுக்கு பின்னாடி செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி. பழைய ஜார்ஜ் கோட்டை இருந்த இடத்துல கட்டுனது, அந்தக் காலத்துல ஐரோப்பியர்களுக்கு. இந்தப் பக்கம் கொஞ்ச தூரத்துல ஜி.டி. ஆஸ்பத்திரி, 1874, கோகுல்தாஸ் தேஜ்பால்ங்கிற பாட்டியா (வியாபாரம் பண்ற ஒரு சமூகம்) சேட்டு பேர்ல, அந்தப் பேர்லயே அப்ப 'நேட்டிவ்' ஆஸ்பத்திரின்னு சேந்து இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல நான் நடந்தே போயிட்டேன். தோல் நிறத்த வெச்சு எந்த கேட்டுன்னு முடிவு பண்ணுன காலம். இன்னிக்கு ரெண்டு கேட்லயும் ஒரே மாதிரி கூட்டம், ஒரே மாதிரி செக்யூரிட்டி, ஒரே மாதிரி வீல் சேர் தேடல்.

இன்னிக்கு நான் ரொம்ப நேரம் நின்னது காமா ஆஸ்பத்திரி முன்னாடி. 2008 நவம்பர் தாக்குதல் அப்ப டிவில பாத்திருப்பீங்க, துப்பாக்கிய வெச்சுகிட்டு தீவிரவாதிங்க உள்ள நுழைஞ்ச அதே ஆஸ்பத்திரி, கர்ப்பிணிங்கள ரூமுக்குள்ள போட்டு பூட்டி நர்ஸுங்க காப்பாத்துனாங்க. இந்த ஆஸ்பத்திரி பொறந்த கதைய தெரிஞ்சுகிட்டா அந்த ராத்திரி இன்னும் பெருசா தெரியும்.

1880-கள் ஆரம்பத்துல பாம்பேல ஒரு பெரிய பிரச்சனை. பொம்பளைங்க ஆம்பளை டாக்டர்கிட்ட உடம்ப காட்ட மாட்டாங்க, வீட்டுல விடவும் மாட்டாங்க. பிரசவத்துல சிக்கல்னா அப்படியே சாக வேண்டியதுதான். ஜார்ஜ் கிட்ரெட்ஜ்னு ஒரு அமெரிக்க வியாபாரியும் சோரப்ஜி ஷாபுர்ஜி பெங்காலின்னு ஒரு பார்சி பெரியவரும் சேந்து ஊர்ல பணம் திரட்டுனாங்க, லண்டன்ல இருந்து லேடி டாக்டர கூட்டிட்டு வர்றதுன்னு முடிவு. கட்டடத்துக்கு பெஸ்டன்ஜி ஹோர்முஸ்ஜி காமா லட்சத்துக்கு மேல குடுத்தாரு. வேலை பாக்கிறவங்க பெண் டாக்டரா இருக்கணும்ங்கிறதுதான் இந்த ஆஸ்பத்திரியோட அஸ்திவாரமே. 1886-ல திறந்தாங்க. தலைமை டாக்டர் எடித் பீச்சி, எடின்பரோல மெடிக்கல் படிக்க சண்டை போட்ட அந்த ஏழு பொண்ணுங்கள்ல ஒருத்தர். அங்க பட்டம் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, சுவிட்சர்லாந்துல போயி வாங்கிட்டு வந்தவர். இங்க வந்தும் சும்மா இருக்கல, ஒரே வேலைக்கு ஆம்பளைக்கு ஒரு சம்பளம் பொம்பளைக்கு ஒரு சம்பளமான்னு கேட்டவர்.

எடித் பீச்சி பக்கத்துல நின்னு உதவுன ஒரு பொண்ணப் பத்தி சொல்லியே ஆகணும். ருக்மாபாய். பதினோரு வயசுல கல்யாணம் கட்டி வெச்சாங்க, வளந்ததுக்கு அப்புறம் புருஷன் வீட்டுக்கு போக மாட்டேன்னுட்டா. புருஷன் கேஸு போட்டான். 1887-ல கோர்ட்டு, ஒண்ணு போயி சேந்து வாழு, இல்ல ஆறு மாசம் ஜெயில்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஜெயிலுக்கு போறேன்னு சொன்னா அந்தப் பொண்ணு! கடைசில அடுத்த வருஷம் பணம் குடுத்து சமரசம் ஆச்சு, அப்புறம் லண்டன் போயி டாக்டருக்கு படிச்சு 1894-ல திரும்பி வந்து இதே காமா ஆஸ்பத்திரில கொஞ்ச காலம் வேலை பாத்துட்டு சூரத்துக்கு போனாங்க. நான் அந்த கேட்டுக்கு முன்னாடி நின்னப்ப இந்த வாசல் வழியா அவங்க வந்திருப்பாங்கல்லன்னு நெனைச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, பக்கத்துல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நின்னுட்டு என்னையே பாத்தா.

நம்ம மெட்ராஸ்லயும் கிட்டத்தட்ட அதே நேரம், 1885-ல கோஷா ஆஸ்பத்திரி. மேரி ஷார்லீப் ஆரம்பிச்சது. இப்ப திருவல்லிக்கேணி கஸ்தூரிபா ஆஸ்பத்திரி.

வியாழன், மாண்ட்வி – ஆர்தர் ரோடு

இன்னிக்கு எழுதறது கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மஸ்ஜித் ஸ்டேஷன்ல இறங்கினா மாண்ட்வி. மசாலா வாசனை, கை வண்டி, மூட்டை தூக்கற ஆளுங்க, நடக்க இடம் இல்ல. 1896 செப்டம்பர்ல இந்த சந்துல ஒரு நோயாளிய பாக்க வந்த கோவாக்கார டாக்டர் அகாசியோ வியேகாஸ், காய்ச்சலும் நெறிகட்டும் பாத்துட்டு இது பிளேக்னு சொன்னாரு. மெட்ரோ சினிமா பக்கம் அவருக்கு சிலை இருக்கு, நேத்து பாத்தேன். துறைமுகம், தானிய குடோன், எலி, வரிசையா ஒத்த ரூமா இருக்கிற, காத்து வெளிச்சம் இல்லாத சால் வீடு, ஒரு ரூம்ல பத்து பேரு, பிளேக் பரவ வேற என்ன வேணும்.

அடுத்த சில மாசத்துல ஊர்ல கிட்டத்தட்ட பாதி ஜனம் ஓடிப்போச்சு. மில்லுல தறி ஓட்ட ஆள் இல்ல. ஓடுனவங்களோட நோயும் ரயிலேறி போச்சு. 1897-ல தொற்றுநோய் சட்டம் கொண்டு வந்தாங்க, கொரோனா அப்பவும் அதே சட்டத்த எடுத்து பயன்படுத்துனாங்க. ஜெனரல் கேட்டக்ரேன்னு ஒரு பட்டாளத்து ஆபீசர் தலைமைல கமிட்டி. சிப்பாயோட வந்து வீடு வீடா சோதனை, ரயில்வே ஸ்டேஷன்ல பொம்பளை ஆம்பளை எல்லாரையும் நிக்க வெச்சு அக்குளும் தொடையிடுக்கும் பாக்கிறது, நோயாளின்னு தெரிஞ்சா இழுத்துட்டு போயி ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரில போடுறது, வீட்டுல இருந்தவங்கள கேம்ப்ல அடைக்கிறது, சாமான தெருவுல போட்டு எரிக்கிறது, வெயில் விழட்டும்னு கூரைய பிரிக்கிறது.

ஜனத்துக்கு அந்த ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரி மேல எவ்வளவு பயம் இருந்துச்சுன்னா, போனவன் திரும்பறதில்ல, உள்ள கொன்னு உடம்புல இருந்து மருந்து எடுக்கறாங்கன்னு ஊரு பூரா பேச்சு. 1896 அக்டோபர் 29-ம் தேதி மில்லு தொழிலாளிங்க ஆயிரம் பேரு கூட்டமா போயி அந்த ஆஸ்பத்திரிய அடிச்சு நொறுக்குனாங்க. இத படிக்காத ஜனத்தோட மூடத்தனம்னு ஒரே வரில எழுதிட்டு போறவங்கள எனக்கு பிடிக்காது. ஒரு ஆஸ்பத்திரிக்குள்ள உன்ன உன் இஷ்டமில்லாம தூக்கிட்டு போறான், உன் ஆளுங்கள உள்ள விட மாட்டேங்கறான், உன் பாஷை பேச ஒருத்தன் இல்ல, போனவங்கள்ல முக்காவாசி பேரு செத்துதான் வெளிய வர்றாங்க, அங்க நம்பிக்கை எங்கிருந்து வரும். கொரோனா சமயத்துல ஊர்ல நானே பாத்தேன், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே கதவ சாத்துன வீடுங்கள. மருந்து குடுக்கிற கையோட பேச்சும் சேந்து போகணும்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் நான் இந்த பயணம் பூரா தேடிட்டு இருக்கிற விஷயம். எதிர்ப்பு ஜாஸ்தியானதும் கவர்மெண்ட் இறங்கி வந்து, அந்தந்த சமூகம் தனியா பிளேக் ஆஸ்பத்திரி நடத்திக்கலாம்னு விட்டுச்சு. பார்சிக்கு ஒண்ணு, ஜெயினுக்கு ஒண்ணு, பாட்டியாவுக்கு ஒண்ணு, மேமன் முஸ்லிம்களுக்கு ஒண்ணுன்னு ஊரு பூரா மூங்கில் தட்டி ஷெட்டுல ஆஸ்பத்திரி முளைச்சது. சொந்த சாதிக்காரன் சமைச்ச சோறு, சொந்தக்காரங்க பக்கத்துல இருக்கலாம், தெரிஞ்ச மொழி, ஜனம் பயம் விட்டு போச்சு. அது நல்ல மாற்றம்தான், மறுக்க முடியாது. ஆனா அதுக்கு உன் சமூகத்துல காசுள்ள சேட்டு ஒருத்தர் இருக்கணும். மில்லுக்கு வேலைக்கு வந்தவன், துறைமுகத்துல மூட்டை தூக்கறவன், சாக்கடை அள்ளுறவன், தோல் பதப்படுத்தறவன், அவனுக்கு எந்த சேட்டு? அவனுக்கு ஆர்தர் ரோடுதான். படுக்கிற கட்டில் கூட பொறப்ப வெச்சு கிடைச்ச காலம் இது, தர்மத்தோட எல்லை எதுன்னு இதுக்கு மேல எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

இந்தக் கஷ்டத்துக்கு நடுவுலதான் பைகுல்லால கிராண்ட் காலேஜ் உள்ள இருந்துகிட்டு வால்டெமர் ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசி செஞ்சாரு. ரஷ்ய சாம்ராஜ்யத்துல ஒடெஸ்ஸால பொறந்த யூதர். 1897 ஜனவரி 10-ம் தேதி முதல் ஊசிய தனக்கே போட்டுகிட்டாரு. அடுத்து பைகுல்லா ஜெயில் கைதிங்க. தனக்கு போட்டுட்டுதான் அடுத்தவனுக்கு போட்டாரு, அத எத்தனை தடவ படிச்சாலும் மரியாதை கூடுது. அதே வருஷம் மார்ச்ல புனேல சாவித்ரிபாய் புலே பிளேக் வந்து இறந்தாங்க, தன் பையன் நடத்துன கிளினிக்குக்கு நோயாளிங்கள கொண்டு போயி சேத்து சேத்து அவங்களுக்கும் ஒட்டிகிச்சு.

மத்தியானம் ஆர்தர் ரோடு போனேன். அந்த ஆஸ்பத்திரி இப்ப கஸ்தூர்பா ஆஸ்பத்திரி, தொற்றுநோய்க்கு ஊருக்கே இதுதான். கொரோனா முதல்ல வந்தப்பவும் பாம்பே நோயாளிங்கள இங்கதான் கொண்டு வந்தாங்க. வாசல் ஓரமா டீ குடிச்சேன், டீ கடைக்காரர் உ.பி.க்காரர், தமிழ்நாட்டுல இருந்து ஆஸ்பத்திரி பாக்க வந்தியான்னு கேட்டு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, கட்டாயப்படுத்தி குடுத்துட்டு வந்தேன்.

போற வழில மும்பை சென்ட்ரல்ல நாயர் ஆஸ்பத்திரி. 1921-ல ஒத்துழையாமை இயக்கம் அப்ப, வெள்ளைக்காரன் காலேஜ் வேண்டாம்னு நேஷனல் மெடிக்கல் காலேஜ் ஆரம்பிச்சாங்க, டாக்டர் ஏ.எல். நாயர் 1925-ல தன் அம்மா யமுனாபாய் பேர்ல ஆஸ்பத்திரி கட்டி குடுத்தாரு. 1946-ல கார்ப்பரேஷன் கைக்கு வந்துச்சு. கால் வலி, உள்ள போகல.

வெள்ளி, பரேல்

பரேல்ல இறங்கினா எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆஸ்பத்திரி. ஒரு காலத்துல எந்தப் பக்கம் திரும்பினாலும் மில்லு சிம்னி. இப்ப சிம்னி இருந்த இடத்துல கண்ணாடி டவருங்க.

இங்க முதல்ல வந்த பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல ஒண்ணு மிருகங்களுக்கு. பாய் சாகர்பாய் தின்ஷா பெடிட் ஆஸ்பத்திரி, 1880-கள்ல வந்தது, இன்னிக்கும் நடக்குது, வாசல்ல ஒரு பையன் அட்டைப் பெட்டில நாய்க்குட்டியோட நின்னான். மாட்டுக்கும் குதிரைக்கும் ஆஸ்பத்திரி கட்டுன மனசு பெரிய மனசு. ஆனா அதே பரேல்ல மில்லு தொழிலாளிக்குன்னு பெரிய பொது ஆஸ்பத்திரி வர இன்னும் நாப்பது வருஷம் ஆச்சுங்கிறதையும் சொல்லாம இருக்க முடியல.

அதுதான் கே.ஈ.எம்., கிங் எட்வர்ட் மெமோரியல். 1926. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி, சேந்தாப்புல சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் மெடிக்கல் காலேஜ். இதுல ஒரு கண்டிஷன் இருக்கு பாருங்க, அத படிச்சப்ப எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு. அந்த சேட்டு சொத்துல இருந்து பணம் குடுத்த டிரஸ்டிங்க, பாடம் நடத்தறவங்க பூரா தகுதியுள்ள இந்தியர்களாத்தான் இருக்கணும், கவர்மெண்ட் சர்வீஸ்ல இருக்கிறவங்களா இருக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. ஏன்னா அப்ப ஜே.ஜே. மாதிரி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில மேல் பதவியெல்லாம் ஐஎம்எஸ்ங்கிற இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் பட்டாள டாக்டருங்களுக்குத்தான், நம்மாளு எவ்வளவு படிச்சிருந்தாலும் கீழதான் நிக்கணும். முதல் டீன் டாக்டர் ஜீவ்ராஜ் மேத்தா, காந்திக்கு வைத்தியம் பாத்தவர், பின்னாடி குஜராத்தோட முதல் முதலமைச்சர்.

உள்ள நடந்து பாத்தேன். கல்லு தாழ்வாரம், நீள நீளமா வார்டு, தரைலயும் பாய் விரிச்சு நோயாளி. வரி கட்டுற ஊருக்காரன் காசுல நடக்கிற ஆஸ்பத்திரி. இங்க வர்றவன் யாரு சாதி சேட்டையும் தேட வேண்டாம், அவன் இந்த ஊர்ல மூச்சு விடுறான், அது போதும். ஜே.ஜே.ல ஆரம்பிச்சு இங்க வர எண்பது வருஷம் ஆயிருக்கு.

அதே வருஷம் பக்கத்துல நவ்ரோஸ்ஜி வாடியா பிரசவ ஆஸ்பத்திரி, மில்லு முதலாளி வாடியா குடும்பம் கட்டுனது. அப்புறம் ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட், பழைய கவர்னர் மாளிகை, 1899-ல பிளேக் ஆராய்ச்சிக்கு குடுத்தாங்க. கவர்னர் நடந்த வராண்டால தடுப்பூசி மருந்து பாட்டில் அடுக்குனாங்க.

சாயங்காலம் டாடா மெமோரியல். 1941. தோராப்ஜி டாடாவோட மனைவி மெஹர்பாய் 1931-ல ரத்தப் புற்றுநோய்ல இறந்தாங்க, அடுத்த வருஷமே அவரும் போயிட்டாரு, அவர் விட்டுட்டு போன டிரஸ்ட் கட்டுனது இது. பொண்டாட்டிக்கு வெளிநாட்டுல கிடைச்ச வைத்தியம் இங்க ஊர்க்காரனுக்கும் கிடைக்கணும்ங்கிற எண்ணம். இத டாடாங்க கைலயே வெச்சுக்கல, 1957-ல மத்திய சுகாதாரத் துறைக்கு குடுத்து, 1962-ல அணுசக்தி துறைக்கு போச்சு. தனியார் தர்மம் பொதுச் சொத்தா மாறுன நல்ல உதாரணம் இதுதான்னு நான் சொல்வேன். வெளிய பிளாட்பாரத்துல அசாம்காரங்க பீகார்காரங்க பெங்கால்காரங்க மூட்டை முடிச்சோட, மூக்குல டியூபோட உக்காந்திருக்காங்க. தாதர்ல காட்கே மகாராஜ் பேர்ல தர்மசாலை இருக்கு, அங்க இடம் கிடைச்சவங்க பாக்கியசாலி. வைத்தியம் குறைஞ்ச செலவுல கிடைக்குது, தங்க இடம் கிடைக்கல. இது இன்னும் தீராத பாக்கி. அங்க ஒரு கும்பகோணத்து குடும்பத்த பாத்தேன், நம்ம பேச்சு கேட்டதும் அந்தம்மா என் கைய பிடிச்சுகிட்டாங்க, என்ன ஏதுன்னு இங்க எழுத மாட்டேன்.

சனி, வடாலா – சைன்

காலைல வடாலா போயி அக்வர்த் தொழுநோய் ஆஸ்பத்திரி. 1890-ல முனிசிபல் கமிஷனரா இருந்த அக்வர்த் ஆரம்பிச்சது, தெருவுல சுத்துன தொழுநோயாளிங்கள ஊருக்கு வெளிய கொண்டு வந்து வெச்சாங்க. அடைச்சு வெக்கிறதும் வைத்தியம் பாக்கிறதும் ஒண்ணா கலந்திருந்த இடம். இப்ப மாத்திரைல முழுசா குணமாகுது, எங்க பிஹெச்சிலயே நான் அந்த மாத்திரை அட்டைய எடுத்து குடுத்திருக்கேன், அத நெனைச்சுகிட்டே அந்த மரங்களுக்கு நடுவுல நடந்தேன்.

அப்புறம் சைன். ஆச்சியும் கூட வர்றேன்னுட்டாங்க, ஆட்டோ பிடிச்சு கூட்டிட்டு போனோம்.

சைன் ஆஸ்பத்திரி 1947-ல வந்தது. சேட்டு கட்டுன மாளிகை இல்ல, பட்டாளத்துக்காரன் விட்டுட்டு போன பாரக்ஸ், 50 கட்டில். அங்கருந்து வளந்து வளந்து இன்னிக்கு தாராவி, கோலிவாடா, ஆன்டாப் ஹில், குர்லா ஜனத்துக்கெல்லாம் இதுதான் உயிர். ஆசியாவுலயே முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல இங்கதான் ஆரம்பிச்சாங்க, குறை மாசத்துல பொறந்த எத்தனையோ தாராவி பிள்ளைங்க அந்தப் பால்ல பிழைச்சிருக்கு.

சைன் ஆஸ்பத்திரி வர்றதுக்கு முந்தின வருஷம், 1946-ல, நாட்டோட சுகாதார நிலைமைய ஆராய்ஞ்ச போர் (Bhore, ஆளு பேரு) கமிட்டி அறிக்கை வந்துச்சு. சர் ஜோசப் போர் தலைமை, நம்ம டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதுல மெம்பர், பாம்பே தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷியும் மெம்பர். அப்ப பிரிட்டிஷ் இந்தியால ஆயிரம் பேருக்கு 0.24 கட்டில். அதாவது நாலாயிரம் பேருக்கு ஒரே ஒரு கட்டில். ஆறாயிரத்து சொச்சம் பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸு. நூறு வருஷம் அத்தனை சேட்டும் அத்தனை மிஷனரியும் ராஜாவும் கட்டுன பிறகு நாட்டோட கணக்கு இதுதான். அவங்க யாரையும் குறைச்சு சொல்லல, இந்த வாரம் பூரா அவங்க பேரத்தான் கும்பிட்டுட்டு வந்தேன். ஆனா தர்மத்த மட்டும் நம்பி ஒரு நாட்டுக்கு வைத்தியம் பாக்க முடியாதுன்னு இந்த நம்பர் சொல்லுது. காசு இல்லங்கிற ஒரே காரணத்துக்காக யாருக்கும் வைத்தியம் கிடைக்காம போகக் கூடாதுன்னு அந்த அறிக்கை எழுதி வெச்சது. பிரிட்டன் 1948-ல ஒரே நாள்ல கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரியையும் அரசாங்கத்துக்கு கீழ கொண்டு வந்துருச்சு. நாம அப்படி செய்யல. 1952-ல கிராமத்துல ஆரம்ப சுகாதார நிலையம்னு தொடங்கி, மாநிலம் மாநிலமா, நகராட்சி நகராட்சியா, பாதியும் முக்காலுமா கட்டிட்டு வந்திருக்கோம். தமிழ்நாட்டுல 1990-கள்ல மருத்துவப் பணிகள் கழகம் வந்து மொத்தமா மருந்து வாங்கி எல்லா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப ஆரம்பிச்சதாலதான் என் கவுண்டர்ல மருந்து இருக்கு. எத்தனையோ ஊர்ல இன்னும் டாக்டர் சீட்டு எழுதி வெளிய வாங்கிக்கோன்னுதான் அனுப்பறாங்க. அந்த வேலை பாதிலதான் நிக்குது, இத நான் வேலை பாக்கிற ஆளா சொல்றேன்.

ஆச்சி ஓபி கட்டடத்துக்கு வெளிய சிமெண்ட் பெஞ்சுல உக்காந்துகிட்டு பேசுனாங்க. கல்யாணம் ஆகி நம்மூர்ல இருந்து தாராவிக்கு வந்தப்ப இந்தி ஒரு வார்த்தை தெரியாது. வீட்டுக்காரர் தோல் கிடங்குல வேலை. தலைப்பிரசவம் வீட்டுலயே பாத்து பிள்ளை தங்கல. ரெண்டாவதுக்கு பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா கைய பிடிச்சு இங்க இழுத்துட்டு வந்துட்டாங்க. "உள்ள என்ன கேப்பாவளோன்னு பயந்துகிட்டே வந்தேன் பாத்துக்கோ. பேரு என்ன, வயசு என்ன, எங்க இருக்கே. அம்புட்டுத்தான் கேட்டாவ. கேஸ் பேப்பர் போட்டுட்டாவ. என்ன சாதின்னு ஒரு ஆளு கேக்கலட்டி. நம்மூர்ல அந்தக் காலத்துல கேக்காம தண்ணி ஊத்துவாவளா?" அந்த ரெண்டாவது பிள்ளைதான் எங்க மாமா, அத்தையோட வீட்டுக்காரர். அதுக்கப்புறம் மூணு பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, எல்லாம் இங்கதான்.

சேட்டுங்க பேரெல்லாம் கல்லுல இருக்கு, இருக்கட்டும், இருக்கணும். ஆச்சி மாதிரி ஜனங்க எப்படி உள்ள வந்தாங்கங்கிற கதையும் எங்கயாவது எழுதி வெக்கணும்னு எனக்கு ஆசை. 50 கட்டில் பாரக்ஸ்ல ஆரம்பிச்சதுன்னு மராத்தி, இந்தி, தமிழ் மூணுலயும் ஒரு போர்டு வெச்சு, கூடவே அந்தக் கால நோயாளிங்க, ஆயாம்மாங்க, வார்டு பாய்ங்க சொன்னதையும் பதிவு பண்ணி வெக்கலாம். கார்ப்பரேஷனுக்கு லெட்டர் எழுதறதா இருக்கேன், அத்தை பையன் மராத்தில எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கான்.

உங்க வீட்டுல ஆச்சியோ அம்மாவோ தாராவி, மாட்டுங்கா, கோலிவாடா பக்கம் இருந்து சைன்லயோ கே.ஈ.எம்.லயோ பிரசவம் பாத்தவங்க இருந்தா, அந்தக் காலத்து கேஸ் பேப்பர் ஏதாச்சும் டிரங்கு பெட்டில கிடந்தா, எனக்கு எழுதுங்க. அந்த லெட்டரோட சேத்து குடுக்கிறேன்.